சிறுகச் சேர்த்த காசை எங்கே வைப்பது?

அரிசிப் பானைக்குள்ளும் அலுமாரியில் சேலை மடிப்புக்குள்ளும் காசு சேர்ப்பதை எமது பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சீட்டுப் பிடித்து மகளுக்குக் காப்பு வாங்கிய தாய்மார் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தக் காசு இலட்சங்களாக வளரும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. பக்கத்து வீட்டு ராத்தா ஒரு வங்கியைச் சொல்வார். கட்டாரிலிருக்கும் கணவர் தொலைபேசியில் இன்னொன்றைச் சொல்வார். சாச்சியின் மருமகனோ தான் வேலை செய்யும் நிதிக் கம்பனிக்கு அழைப்பார். யார் சொல்வதைக் கேட்பது?

கூடுதலாகத் தருவது யார் என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்திற்குப் பொதுமக்களிடம் வைப்புப் பெற இலங்கை மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்பதையே. 2008 டிசம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, வங்கிகளை விட அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பெருந்தொகையான வைப்புகளைத் திரட்டியிருந்தது. அதற்கு அந்த அனுமதி இருக்கவில்லை. அது விழுந்தபோது காசு போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அதே குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியின் வாசலிலும் அந்நாட்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் மத்திய வங்கி தலையிட்டு நிலைமையைச் சீராக்கியது. அந்த வங்கி இன்றும் இயங்குகிறது. அனுமதிப்பத்திரத்தின் பெறுமதி இதுதான்.

அதற்காக, அனுமதி இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் எண்ணிவிடாதீர்கள். அனுமதி பெற்ற பழைய நிதிக் கம்பனியான 'த பினான்ஸ்' கம்பனியின் உரிமம் 2020 மே மாதத்தில் இரத்துச் செய்யப்பட்டது. அங்கே காசு வைத்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தது 2010இல் தொடங்கப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டம். அப்போது அதன் உச்ச வரம்பு ஆறு இலட்சம் ரூபா. 2021 ஏப்ரலில் அது பதினொரு இலட்சமாக உயர்த்தப்பட்டது. இந்த வரம்பு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்துத்தான். எனவே கையில் இருபது இலட்சம் இருந்தால், ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போடுவதால் பயனில்லை. இரண்டு வெவ்வேறு வங்கிகளில் போடுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கமே முழு உத்தரவாதம் அளிக்கிறது. தபாற்கந்தோரிலும் அதில் காசு போடலாம் என்பது பட்டணத்திற்குத் தூரமாக இருக்கும் பெண்களுக்குப் பெரிய வசதி. (சாய்வுக் கதிரையும் குளிர்பானமும் வேண்டுமானால் நிதிக் கம்பனிக்குத்தான் போக வேண்டும்!)

சணச என்று நாம் அழைக்கும் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களின் கதை வேறு. 1906 முதலே இந்நாட்டில் இருக்கும் முறை இது. ஊரில் உங்களை அறிந்தவர்களே நடத்துவார்கள். சிறு தொகையையும் மதிப்பார்கள். தையல் இயந்திரம் வாங்கவோ கூரை போடவோ கடன் கேட்டால் ஆயிரம் கடதாசி கேட்கமாட்டார்கள். நீங்கள் அங்கே வாடிக்கையாளர் மட்டுமல்ல, வாக்களிக்கும் அங்கத்தவர். ஆனால் இச்சங்கங்களைக் கண்காணிப்பது கூட்டுறவுத் திணைக்களம், மத்திய வங்கியல்ல. மேலே சொன்ன காப்புறுதியும் இவற்றுக்கு இல்லை. ஆகவே வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, கணக்காய்வு அறிக்கை வாசிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் சங்கத்தில் சேராமலிருப்பதே மேல். 1997இல் உருவான சணச அபிவிருத்தி வங்கி மத்திய வங்கியின் அனுமதி பெற்ற தனி நிறுவனம். பெயர் ஒற்றுமையால் சங்கத்தையும் வங்கியையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம்.

வட்டி வேண்டாம் என்பதற்காகவே வங்கிப் பக்கம் போகாத பெண்களும் எம்மில் உண்டு. முன்பு அவர்களுக்கு வழி குறைவாக இருந்தது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் நிலைமை மாறியது. 2011இல் அமானா வங்கி முழுமையான வட்டியில்லா வணிக வங்கியாகத் தொடங்கியது. கொமர்ஷல் வங்கியில் 'அல் அதாலா', ஹட்டன் நஷனல் வங்கியில் 'அல் நஜாஹ்' என்று தனிப் பிரிவுகளும் உண்டு. இவற்றின் முழாரபா கணக்கில் உங்கள் காசை வங்கி தொழிலில் முதலிட்டு, வரும் இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பகிர்கிறது. போன மாதம் கிடைத்த இலாபம் அடுத்த மாதத்திற்கான வாக்குறுதியல்ல. பங்கு விகிதம் என்ன, ஷரீஆ சபையில் இருப்பவர்கள் யார் என்று கேட்பது உங்கள் உரிமை. இன்னொன்று: பெயர்ப்பலகையில் அரபுச் சொல் இருப்பதால் மட்டும் மத்திய வங்கியின் அனுமதி வந்துவிடாது. மார்க்கத்தின் பெயரைச் சொல்லி நிச்சய இலாபம் தருவதாக யாராவது காசு கேட்டால் இரட்டிப்பாக விசாரியுங்கள்.

கணக்குத் திறக்கும்போது அது யார் பெயரில் என்பதிலும் கவனமாயிருங்கள். உங்கள் உழைப்பும் உங்கள் மஹரும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணவரோடு கூட்டுக் கணக்கென்றால், இருவரில் ஒருவர் ஒப்பமிட்டால் போதுமா, இருவருமே ஒப்பமிட வேண்டுமா என்பதைப் படிவத்தில் வாசித்துப் பாருங்கள். அவர் வெளிநாட்டிலிருக்கும்போது பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால், அந்த ஒரு வரிதான் காசு கைக்கு வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். நிலையான வைப்பென்றால், தவணைக்கு முன் எடுத்தால் எவ்வளவு வெட்டுவார்கள் என்றும் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் நூற்றுக்குப் பத்து வரியாகப் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் அதற்கான பிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கேட்காமல் அந்தப் படிவத்தை எடுத்து நீட்டும் உத்தியோகத்தர்கள் குறைவு. நீங்களே கேட்டு வாங்குங்கள்.