அண்ணம் தைத்தபின் காதையும் கவனிப்போம்

அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தைக்குப் பொதுவாக ஒரு வயதையொட்டி அறுவை செய்து பிளவைத் தைக்கின்றனர். புண் ஆறியதும் பெற்றோர் கவலை நீங்குவது இயல்பே. எனினும் பேச்சுத் தெளியாமைக்குக் காதும் காரணமாகலாம் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் சிறு குழல் ஒன்றுண்டு. நாம் விழுங்கும்போது அதனைத் திறந்து காற்றை உட்புகவிடுவது அண்ணத்துத் தசையே. பிளவைத் தைத்த பிறகும் பல குழந்தைகளுக்கு அத்தசை சரிவர இயங்குவதில்லை. ஆகவே நடுச்செவியில் நீர் தேங்கி, கேள்வி மந்தமாகிறது. பெரும்பாலும் வலி இராது. அதனால் எவரும் கவனிப்பதில்லை.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாய், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்கிறாள். அழைத்தால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று பாட்டி கடிந்துகொள்வாள். நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம். பாவம், அவன் காதில் விழுந்தால்தானே!

பேச்சையும் வீட்டிலேயே கவனிக்கலாம். பிள்ளை "பாப்பா" என்று சொல்லும்போது மூக்கின்கீழ்ச் சிறு கண்ணாடியைப் பிடியுங்கள். ஆவி படிந்தால் காற்று மூக்குவழியே கசிகிறது எனலாம். சொல்லும் "மாம்மா" போல ஒலிக்கும். இதற்குப் பேச்சுப் பயிற்சியும், சிலருக்கு மறு அறுவையும் தேவைப்படும்.

அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் பெற்றுக் காது, மூக்கு, தொண்டை நிபுணரைக் காணுங்கள். சுங்கை பூலோ மருத்துவமனையில் அப்பிரிவு உள்ளது. தேவையானால் செவிப்பறையில் நுண்குழாய் பொருத்தி நீரை வடிப்பர். ஒரு நாள் சம்பளத்தை எண்ணி மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். முந்திய அறுவைக்கான மருத்துவமனை அட்டையையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.