டிவி பார்க்க லைசென்ஸ் கேட்கும் தேசம்

பிரிட்டனில் பார்வையற்றவர் வீட்டில் டிவி இருந்தால் லைசென்ஸ் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. முழுத் தள்ளுபடி கிடையாது. 2025 ஏப்ரலில் வந்த உயர்வின்படி, கறுப்பு-வெள்ளை டிவிக்கு ஆண்டுக்கு 58.50 பவுண்டு ஆனது. கலர் டிவிக்கு 174.50 பவுண்டு, நம் பணத்தில் ஏறக்குறைய 20,000 ரூபாய். கறுப்பு-வெள்ளை லைசென்ஸை விடாமல் புதுப்பித்து வரும் வீடுகள் இன்னும் சில ஆயிரம் இருக்கின்றன. எல்லாம் உண்மையிலேயே கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள்தானா என்று கேட்டால் ஆங்கிலேயர்களே சிரிப்பார்கள்.

இந்தக் கட்டணம் போய்ச்சேர்வது பிபிசிக்கு. பப்பில் பீரோடு உட்கார்ந்திருப்பவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், மழையையும் ரயில் தாமதத்தையும் மறந்துவிட்டு அரை மணி நேரம் பேசுவார். நான் பிபிசி பார்ப்பதே இல்லை, எனக்கு ஏன் பில் என்பார் ஒருவர். விளம்பரம் இல்லாமல் ஒரு நாடகத்தை முழுசாகப் பார்க்க முடிகிறதே, அதற்குக் கொடுக்கலாம் என்பார் பக்கத்திலிருப்பவர். அந்த நாட்டில் எந்த மேசையிலும் முடிவுக்கு வராத வாக்குவாதம் இது.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, போஸ்டாபீசில் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டி ரேடியோவுக்குப் பணம் கட்டிய அப்பாவோ தாத்தாவோ நினைவுக்கு வரலாம். இந்தியாவில் 1980களில் அது ஒழிந்துபோனது. வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டுவிட்டோம். அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அங்கே இது தொடங்கியது 1922இல். அப்போது வானொலி கேட்க ஆண்டுக்கு 10 ஷில்லிங். உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே ரேடியோ செய்துகொண்ட பலர், நாங்கள் ஆராய்ச்சி செய்கிறோம் என்று சொல்லி வேறு வகை லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்துத் தபால் துறையைத் திணறடித்தார்கள். கட்டணத்தை ஏமாற்றும் கலைக்கும் கட்டணத்துக்கும் ஒரே வயது என்றே சொல்லலாம். போருக்குப் பிறகு, 1946இல், டிவிக்கும் ரேடியோவுக்கும் சேர்த்து 2 பவுண்டு லைசென்ஸ் வந்தது. 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை 2 கோடிப் பேர் டிவியில் பார்த்தார்கள். அந்த ஒரு விழாவுக்காகவே கடன் வாங்கிப் பெட்டி வாங்கிய குடும்பங்கள் உண்டு. லைசென்ஸ் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் மளமளவென்று ஏறியது. 1968இல் கலருக்குக் கூடுதலாக 5 பவுண்டு. 1971இல் ரேடியோவுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. டிவிக்கு மட்டும் இன்றுவரை விடிவு இல்லை.

இடையில் ஒரு வேடிக்கையான சட்டமும் இருந்தது. 1967 முதல் 2013 வரை, டிவி விற்கும் ஒவ்வொரு கடைக்காரரும் வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் லைசென்ஸ் அதிகாரிகளுக்கு எழுதி அனுப்ப வேண்டும். கடையில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்தால், பின்னாலேயே கடிதம் வரும்.

அந்தக் கடிதம்தான் இந்தக் கதையில் முக்கியப் பாத்திரம். லைசென்ஸ் இல்லாத ஒவ்வொரு முகவரிக்கும் அது போய்க்கொண்டே இருக்கிறது. பெயர் தெரியாததால் 'சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று விலாசம் எழுதியிருக்கும். முதல் கடிதம் நயமாகப் பேசும். அடுத்தடுத்துக் குரல் மாறும்: உங்கள் முகவரி மீது விசாரணை தொடங்கியிருக்கிறோம், அதிகாரி வருவார், நீதிமன்றத்தில் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். முக்கிய வரிகள் தடித்த எழுத்தில், சில சமயம் சிவப்பில் இருக்கும். என்னிடம் டிவியே இல்லை என்று எழுதிப் போட்டால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குக் கடிதம் நிற்கும். பிறகு மறுபடி தொடங்கும். டிவி பக்கமே போகாத ஒரு முதியவருக்கு மாதாமாதம் இப்படி ஒரு மிரட்டல் வந்து கதவிடுக்கில் விழுவதை நினைத்துப் பாருங்கள். பிபிசி மீது உண்மையான பிரியம் வைத்திருப்பவர்கள்கூட இந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசும்போது முகம் சுளிக்கிறார்கள்.

கடிதத்துக்கு மசியாவிட்டால் ஆள் வருவார். இந்த வசூல் வேலையைப் பிபிசி தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறது. வருபவருக்குக் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் கிடையாது. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. போய்வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். ஆனால் வாசலில் நிற்பவரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசுபவர்கள்தானே பெரும்பாலோர்? பேச்சுவாக்கில் ஆமாம், பார்த்தேன் என்று ஒரு வார்த்தை விழும். அதை அவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வழக்கில் பெரும்பாலும் சான்றாக நிற்பது அந்தக் கையெழுத்துதான்.

இதற்கிடையில், தெருவில் போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேன் ஒன்று உண்டு என்பார்கள். 1952இல் கூரையில் பெரிய ஆண்டெனாவோடு அது முதலில் கிளம்பியபோது நாடே பார்த்தது. பழைய பெட்டிகளிலிருந்து கசிந்த மின்காந்த அலைகளைப் பிடிப்பது அதன் வேலை. இன்றைய தட்டை டிவிகளையும் போன்களையும் அது எப்படிப் பிடிக்கிறது என்று பிபிசி வெளியே சொல்வதில்லை. அந்தக் கட்டணத்தை அதிகம் காப்பாற்றிக்கொடுத்தது வேனா, வேன் பற்றிய பயமா என்ற கேள்விக்கு என் ஓட்டு பயத்துக்குத்தான்.

பிடிபட்டவர்கள் சொல்லும் சாக்குகளை லைசென்ஸ் அலுவலகமே அவ்வப்போது வெளியிட்டு ஊரைச் சிரிக்கவைத்ததுண்டு. என் நாய் கோர்கி ஜாதி, ராணியின் நாய்க்குச் சொந்தம், அதனால் எனக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நினைத்தேன் என்றார் ஒருவர். திருடிய டிவிக்கு நான் எதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று கேட்டவரும் உண்டு.

நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளில் அப்படிச் சிரிக்க அதிகம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் டிவி பார்ப்பது அங்கே சிவில் பாக்கி அல்ல, குற்றம். கரண்ட் பில் கட்டாதவர் கடன்காரர். டிவி லைசென்ஸ் கட்டாதவர் குற்றவாளி. 2012இல் மட்டும் 1.8 லட்சம் பேர் மீது வழக்கு. இப்போது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டாலும், ஆண்டுக்குச் சில பத்தாயிரம் பேர் சிக்குகிறார்கள். 2015 முதல் இந்த வழக்குகளை ஒரே ஒரு மாஜிஸ்திரேட் அறைக்குள் காகிதங்களைப் பார்த்தே முடித்துவிடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் வர வேண்டியதில்லை. பலர் பதில்கூட எழுதுவதில்லை. நோய், வேலையிழப்பு, கணவன் விட்டுப்போனது என்று காரணம் எழுதி அனுப்புபவர்களின் கடிதங்கள் கோப்பில் இருக்கும். அவற்றுக்கு மேலேயே அபராதம் விழுந்திருக்கும்.

இதில் தண்டனை பெறுபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்பதல்ல காரணம். பகலில் ஆள் வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெண். ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவரும் பெண். யார் கதவைத் திறக்கிறாரோ அவர்தான் குற்றவாளி. 2010களின் இறுதியில், பெண்கள் மீது போடப்பட்ட வழக்குகளிலேயே மிக அதிகம் டிவி லைசென்ஸ் வழக்குகள்தான் என்று அந்நாட்டு நீதித்துறையின் அறிக்கைகளே சொல்லின. பிபிசியும் இந்த ஏற்றத்தாழ்வை இரண்டு முறை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

முதியவர்களின் மனக்குறை வேறு. 2000ஆம் ஆண்டில் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை அரசு இலவசமாக்கி, அதற்கான பணத்தைத் தானே கொடுத்தது. 2015இல் அந்தச் சுமையை மெதுவாகப் பிபிசியின் தலையில் இறக்கிவைத்தது. பிபிசியோ 2020 ஆகஸ்டு முதல், குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கு அரசு தரும் ஓய்வூதிய உதவி பெறுபவர்களுக்கு மட்டுமே இலவசம் என்று சுருக்கிவிட்டது. சலுகை கொடுத்த பெயர் அரசியல்வாதிக்கு, பறித்த பழி பிபிசிக்கு. அரசியல் கணக்கில் இதைவிடச் சாமர்த்தியமான கைமாற்றம் அரிது.

கட்டும் முறையிலும் கஷ்டப்படுபவருக்குத்தான் கூடுதல் சுமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் ஒவ்வொரு தவணைக்கும் 1.25 பவுண்டு கூடுதல். புதிதாக மாதத் தவணையில் சேர்பவர் முதல் லைசென்ஸின் முழுத் தொகையையும் ஆறே மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் நிற்காதவர்கள், கட்டண அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேபாயிண்ட் இயந்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள். லண்டனில் அப்படிப்பட்ட பல கடைகளின் கல்லாவில் இருப்பவர்கள் இலங்கைத் தமிழர்கள். பால், ரொட்டி, கேஸ் மீட்டருக்கு டாப்-அப், கூடவே டிவி லைசென்ஸுக்குச் சில பவுண்டு என்று ஒரு குடும்பத்தின் வாரக் கணக்கு முழுவதும் அந்தக் கல்லாவைக் கடந்துதான் போகிறது. அரண்மனை போன்ற வீட்டுக்கும் ஒற்றை அறைக்கும் கட்டணம் ஒன்றே.

இத்தனைக்கும் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. சுமார் 2.4 கோடி லைசென்ஸ்களிலிருந்து ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 380 கோடி பவுண்டு வருகிறது. அந்தப் பணத்தில்தான் விளம்பரமில்லாத சேனல்களும், ஊர் ஊருக்கு உள்ளூர் வானொலியும், வேல்ஸ் மொழிக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கும் நிகழ்ச்சிகளும் ஓடுகின்றன. கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கருக்கு ஆண்டுக்கு 13 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள் என்று குமுறும் அதே ஆள், தேர்தல் இரவன்று திருப்பும் சேனல் பெரும்பாலும் பிபிசிதான்.

அந்தப் பணத்தில் கொஞ்சம் நம் காதுக்கும் வந்திருக்கிறது. 1941இல் போர்க்காலத்தில் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு, பின்னாளில் தமிழோசை, இலங்கையில் ஊரடங்கு இரவுகளில் நம்பிக் கேட்கப்பட்ட குரல். அதற்கு நெடுங்காலம் பிரிட்டன் வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது. 2014 முதல் உலக சேவையின் செலவு லைசென்ஸ் கட்டணத்தின் மேல் விழுந்தது. 2017இல் தமிழோசையின் வானொலி நின்றபோது, கடைசி மூன்று ஆண்டுகளின் செலவில் மான்செஸ்டரில் முணுமுணுத்தபடியே பணம் கட்டிய யாரோ ஒருவரின் பங்கும் இருந்தது.

பக்கத்து நாடுகள் வேறு வழி பார்த்துவிட்டன. ஜெர்மனி 2013இல் டிவி இருக்கிறதா என்று கேட்பதையே நிறுத்திவிட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்துவிட்டது. பிரான்ஸ் 2022இல் கட்டணத்தையே ஒழித்தது. பிரிட்டனில் பிபிசியின் அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குள் அடுத்த ஏற்பாட்டை முடிவு செய்தாக வேண்டும். பொதுப்பணத்தில் ஒரு நல்ல ஒலிபரப்பு இருக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் லைசென்ஸ் பாக்கிக்காகப் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாயைக் குற்றவாளிப் பட்டியலில் ஏற்றும் முறைக்கு இனி நியாயம் சொல்ல முடியாது. சாசனம் புதுப்பிக்கப்படும்போது முதலில் போக வேண்டியது அந்தக் குற்றப்பிரிவுதான்.

அதுவரை சட்டம் சட்டம்தான். எனவே அங்கே படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்கவோ ரேடியோ கேட்கவோ லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் எந்த நாட்டுச் சேனலானாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே லேப்டாப்பிலோ போனிலோ பார்த்தால் தேவை. சன் டிவியும் கிரிக்கெட் நேரலையும் இதில் அடக்கம். ஐபிளேயரில் பிபிசி நிகழ்ச்சிகளை எப்போது பார்த்தாலும் தேவை. விடுதியில் தனி அறை எடுத்திருந்தால் அந்த அறைக்குத் தனி லைசென்ஸ். ஆண்டு முடியும் முன்பே ஊர் திரும்பினால், மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பித்தால்தான் தருவார்கள், விமானம் ஏறும் முன் மறக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.