‘எம்டன்’ : கப்பலும் சொல்லும்

சூழ்ச்சித்திறன் மிக்கவனை, எளிதில் பிடிகொடாதவனை, ‘எம்டன்’ எனச் சுட்டும் வழக்குத் தமிழில் உண்டு. சிங்களப் பேச்சிலும் ஏறத்தாழ இதே பொருளில் இச்சொல் பயில்கின்றது. இருமொழியாரும் கலந்து வாழும் கண்டியில் நின்று நோக்கும் எமக்கு, ஒரு ஜேர்மானியப் போர்க்கப்பலின் பெயர் இரு மக்களின் நாவிலும் ஏறியமை வெறும் சொல்லாராய்ச்சிக்குரிய விடயமாகத் தோன்றவில்லை.

1914இல் போர் மூண்டபோது இக்கப்பல் சீனக் கரையில் ஜேர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. தளபதி கார்ல் ஃபொன் முல்லர் அதனைத் தனியே இந்து சமுத்திரத்துக்குக் கொணர்ந்தார். பத்துப் பீரங்கிகளும் இரு டோர்ப்பிடோக் குழாய்களும் கொண்ட அக்கப்பலின் முதன்மை இலக்குப் பிரித்தானியரின் கடற்படையன்று, அவர்தம் வணிகமே. செப்ரெம்பர் 13இல் மூழ்கடிக்கப்பட்ட ‘டிப்ளோமற்’ இலண்டனுக்குத் தேயிலை கொண்டுசென்ற கப்பல். 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் எரிந்தன. 25இல் கொழும்புக்கு அண்மையில், சீனி ஏற்றிவந்த ‘டைமெரிக்’ பிடிபட்டது. கண்டிச் சீமையின் தேயிலை, 1867இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை வழியே சென்றுசேர்ந்த துறைமுகம் அதுவே. ஆட்சியாளர் கொண்ட கலக்கத்தின் பொருளாதார அடிப்படை இதனால் விளங்கும்.

ஒக்டோபர் 28 விடியலில், போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திப் பிரித்தானியக் கப்பல்போல் வேடமிட்டுப் பினாங்கினுள் நுழைந்த எம்டன், ரஷ்யாவின் ‘ஷெம்சுக்’ கப்பலை டோர்ப்பிடோக்களால் மூழ்கடித்தது. காவற்பணியிலிருந்து திரும்பிய ‘மூஸ்கே’ என்ற பிரெஞ்சு டோர்ப்பிடோப் படகழிகலமும் அதன் பீரங்கிகளுக்கு இரையாயிற்று. 1902இல் கடலிலிறங்கிய அச்சிறு கலத்தின் மாலுமிகளுள் 36 பேரை எம்டனே மீட்டது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியாவின் ‘சிட்னி’ எம்டனை அழித்தது; அதிலிருந்தோருள் 130 பேருக்கு மேல் மாண்டனர்.

இரு மாத வேட்டைதான். எனினும் கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்த நிலையில், அசைக்கமுடியாததாய்த் தோன்றிய ஏகாதிபத்தியத்தை ஒரு தனிக் கப்பல் ஓடவைத்தமையே மக்களை ஈர்த்தது எனலாம். சொல்லில் உறைந்திருப்பது அடக்கப்பட்டோரின் உள்ளூர மகிழ்ச்சி. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்னும் கதையும் இம்மனநிலையிற் பிறந்ததே. போர் மூண்டபோது அவர் சுவிற்சர்லாந்தில் இருந்தார். ஆள்வோரிடமோ இதே நினைவு அச்சமாயிற்று. 1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்கள-முஸ்லிம் கலவரம் வெடித்தபோது, அதன் பின்னணியில் ஜேர்மானியச் சதியைத் தேடினர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று.

ஆயின் எம்டனின் பணி வரலாறு 1914இல் தொடங்குவதன்று. பசிபிக்கின் பொனாப்பே தீவில், வீதி அமைக்கக் கட்டாய உழைப்புக் கோரிய ஜேர்மானிய ஆட்சிக்கெதிராக 1910இல் சொக்கேஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆளுநர் பர்ன்ஸ் காலத்தில் இராசகாரிய உழைப்பாற் கண்டி வீதி அமைந்த கதையை அறிந்தோர்க்கு அக்கிளர்ச்சியின் நியாயம் சொல்லாமலே புரியும். 1911 ஜனவரியில் அம்மக்கள்மீது குண்டு பொழிந்த கப்பல்களுள் எம்டனும் ஒன்று. பெப்ரவரியில் 15 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 400 பேருக்கு மேற்பட்டோர் தம் நிலத்தைப் பறிகொடுத்து நாடுகடத்தப்பட்டனர்.