தலை பெருத்தது; தொப்பி சேரவில்லை!

லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற பெரிய டாக்டர் இருந்தார். 1856-ம் ஆண்டில் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். அவருடைய கால் எலும்பு பருத்து இருந்தது. வலியும் இருந்தது.

ஆண்டுகள் சென்றன. கால் வளைந்தது. தலையும் பெருத்தது! 1844-ல் அவருடைய தொப்பியின் சுற்றளவு 22½ அங்குலம். 1876-ல் 27¼ அங்குலம்!

அந்த நோய்க்கு டாக்டரின் பெயரே நிலைத்து விட்டது. "பேஜட் நோய்" என்கிறார்கள்.

குடும்பத்தில் தொடர்ந்தது

கனடா நாட்டில் கியூபெக் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே பிரெஞ்சு வழி வந்த சில குடும்பங்களில், தாத்தா, மகன், பேரன் என்று இந்த நோய் தொடர்ந்தது. என்ன காரணம்? 2002-ல் விடை கிடைத்தது. "பி-62" என்ற புரதத்தில் கோளாறு!

புரதம் என்பது மணிமாலை போன்றது. மணிகளின் பெயர், அமினோ அமிலம்.

"அழித்து விடு!"

நம் உடம்பின் உயிரணுக்களில் பழுதான புரதங்கள் சேருவது உண்டு. அவற்றின் மீது ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. "இதை அழித்து விடு" என்பது சீட்டின் பொருள். அந்தச் சீட்டும் ஒரு சின்னப் புரதமே. பெயர், யுபிகுவிட்டின். அதில் 76 மணிகள். இந்த வேலையைக் கண்டறிந்த சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சீட்டு ஒட்டினால் போதுமா? அதைப் பார்த்துப் பிடிக்க ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் பி-62.

மூன்று சுருள்

பி-62 மாலையில் 440 மணிகள். அதன் வால் பக்கத்தில், சுமார் 45 மணிகள் மூன்று சுருள்களாக மடிந்து நிற்கின்றன. இதுதான் "யு.பி.ஏ." என்னும் பிடி. இந்தப் பிடியிலும் சீட்டிலும் எண்ணெய் போலத் தண்ணீரோடு சேராத இடம் ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன.

அந்தக் குடும்பங்களில் 392-வது மணி மாறி இருந்தது. புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் லூசின்! ஒரே ஒரு மணிதான். ஆனால் பிடி தளர்ந்து விட்டது.

எலும்பு என்ன ஆகிறது?

பழைய எலும்பை அரிக்கச் சில உயிரணுக்கள்; புது எலும்பைக் கட்ட வேறு சில. அரிக்கும் உயிரணுக்களுக்கு வரும் கட்டளையை அடக்கி வைப்பதிலும் பி-62-க்குப் பங்கு உண்டு. பிடி தளர்ந்தால் அரிப்பு அளவு மீறுகிறது. அதை ஈடு செய்ய, புது எலும்பு தாறுமாறாக வளர்கிறது.

பேஜட் நோய் வந்த எல்லோருக்கும் இதே காரணம் அல்ல. மணி மாறிய எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை.

டாக்டர் பேஜட் தம் நோயாளியை 20 ஆண்டுகள் கவனித்தார். நோயை நிறுத்த அவரிடம் மருந்து இல்லை. இன்றோ, எலும்பு அரிப்பை அடக்கும் மருந்துகள் உண்டு.