மருந்து என்னும் சொல்

நோயுற்ற விசுவாசிகள் மாத்திரைகளைக் கைவிடவேண்டும் எனப் போதிப்போர் சிலர் கலாத்தியர் 5:20ஐ ஆதாரமாகக் காட்டுகின்றனர். நம் திருமறையில் ‘பில்லிசூனியம்’ என்றிருப்பது கிரேக்கத்தில் ‘பார்மக்கேயா’. மருந்துக்கடையைக் குறிக்கும் ‘பார்மசி’ இதனின்று பிறந்ததாகையால், மருந்துண்பதே மாம்சத்தின் கிரியை என்பது அவர்கள் வாதம். இன்சுலினை நம்பியே உயிர்வாழும் நோயாளி இதைக் கேட்டு அதை நிறுத்தினால், சில நாள்களில் மரணம் நேரிடக்கூடும். ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சியன்று.

இச்சொல்லுக்கு அடிப்படையான ‘பார்மக்கான்’ மருந்து, நஞ்சு, வசியப்பொருள் ஆகிய மூன்றையும் குறித்தது. சாக்ரடீஸ் பருகிய நஞ்சைப் பிளேட்டோ இச்சொல்லாலேயே சுட்டுகிறார். தமிழர்க்கு இது புதிதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமும் மருந்து. துப்பாக்கியில் இடுவதும் மருந்து. சோற்றில் மருந்து வைத்து மகனை மயக்கிவிட்டாள் என்று மாமியார் புலம்பும்போது அவர் எண்ணுவது வைத்தியரையன்று. இடம் நோக்கியே நாம் பொருள் கொள்கிறோம். அகராதியை மட்டும் புரட்டிப் பிரசங்கம் ஆயத்தம் செய்யும் மாணவர் இதனை மறந்துவிடுகின்றனர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே செய்தோம்.

பவுல் அச்சொல்லை விக்கிரகாராதனையை அடுத்து வைக்கிறார். அங்கே அவர் கண்டிப்பது மந்திரவாதத்தையே. தள்ளுபடியாகமங்களுள் ஒன்றான சீராக்கின் நூலோ, 38ஆம் அதிகாரத்தில், மருந்துகளை நிலத்தினின்று தோற்றுவித்தவர் ஆண்டவரே என்கிறது. அங்கே கிரேக்கத்தில் நிற்பதும் ‘பார்மக்கான்’ என்பதன் பன்மையே. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்லும் நிருபமும் பவுலின் பெயரையே தாங்கி நிற்கிறது.