உப்பளக் கரையில் தைப் பொங்கல்

உழவர் வீட்டுக்குப் பொங்கல் வரும்போது களத்தில் நெல் இருக்கும், கையில் காசும் இருக்கும். மரக்காணம் உப்பளத் தொழிலாளி வீட்டுக்கோ கை வறண்டிருக்கும் நேரத்தில்தான் தை பிறக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவரே அந்தக் கரையில் மளிகைக் கடை நடத்த முடியும். திண்டிவனத்தில் வெல்லம், அரிசி மொத்த வியாபாரம் செய்துகொண்டு, மரக்காணம், கூனிமேடு பக்கத்துக் கடைகளுக்கு நெடுங்காலமாகச் சரக்கு அனுப்பிவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

உப்பு என்பது வெயிலின் விளைச்சல். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. அந்த நீர் வற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே பாத்தியில் உப்பு பூக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். உப்பு வாரும் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்ததும் நீரை வடித்து, கரையைக் கட்டி, சேற்றை வாரி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பொங்கல் இந்த வேலைக்கு நடுவில் வருகிறது. உப்பு தாராளமாக விளைந்து, கூலி தட்டில்லாமல் வருவது பங்குனி, சித்திரையில்தான்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அதிலிருந்து 45-ஆம் நாள் பொங்கல்! மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. மூன்று மாதச் செலவுக்கு அது ஒரு கைத்தாங்கல். மற்றதைத் தாங்குவது தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டுதான் என்றால் மிகையாகாது.

ஆனாலும் பொங்கலை யாரும் தள்ளிப் போடுவதில்லை. போகியன்று பழையன கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். தை முதல் நாள் வாசலில் கோலமிட்டு, புதுப்பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, கரும்பு சார்த்தி, சூரியனைப் பார்த்துப் பொங்கலிடுகிறார்கள். பால் பொங்கி வழியும்போது "பொங்கலோ பொங்கல்" என்ற குரல் தெரு முழுதும் கேட்கும். சர்க்கரைப் பொங்கலோடு வெண்பொங்கலும், அதற்குத் துணையாகப் பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்த்த குழம்பும் உண்டு. மறுநாள் மாட்டுப் பொங்கல். அடுத்து காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு கடற்கரை.

இந்த நாட்களில் நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வெல்லம் என்பது வழக்கமான கணக்கு. இதையே கால் கிலோ அரிசி அளவுக்குச் சுருக்கி, நான்கைந்து முந்திரி, கொஞ்சம் திராட்சை, இரண்டு ஏலக்காய் சேர்த்துச் சிறு பொட்டலமாகக் கட்டி வைத்தால், கையில் காசு குறைந்தவரும் கூசாமல் வாங்குவார். மரக்காணத்துக் கடைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் இப்படித்தான் செய்கிறார்; கடன் தொகையும் கட்டுக்குள் நிற்கிறது.

வெல்லம் பளிச்சென்று வெளுத்திருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பதும் உண்டு. சற்றுக் கறுத்த வெல்லத்தை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லி விற்கலாம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். உப்பும் ஈரத்தை இழுக்கும், வெல்லமும் இழுக்கும். ஆகவே உப்பு மூட்டையை ஒட்டி வெல்லத்தை அடுக்காமல், பலகை போட்டுத் தனியே வையுங்கள். கசிந்த வெல்லத்தைப் பற்றுக்காரர் தலையில் கட்டுவது, கடனுக்கென்று விலையைக் கூட்டுவது இரண்டும் கூடாது. கேட்க முடியாத நிலையில் இருப்பவரிடம்தான் தராசு மிக நேராக நிற்க வேண்டும். பற்றை இரு நோட்டிலும், அவர் கண்முன்னே எழுதுங்கள். வசூலுக்குச் சித்திரை வரை பொறுங்கள். அந்தப் பொறுமையைக் கடைக்காரர் காட்ட வேண்டுமானால், மொத்த வியாபாரிகளாகிய நாமும் அவருக்குத் தவணை நீட்டித் தர வேண்டும். தையில் நெருக்கிவிட்டுச் சித்திரையில் ஆர்டர் கேட்டுப் போவதில் பயனில்லை.

விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்காத வழக்கம் நம்மிடம் உண்டு. உப்பை லட்சுமியாக மதிப்பவர்கள் நாம். அந்த லட்சுமியை வெயிலில் நின்று வாரித் தருகிறவர் வீட்டில் பொங்கல் பானை ஏறாமல் போகலாமா? பொங்கலன்று ஒருவரையொருவர் கண்டதும் "பால் பொங்கிச்சா?" என்று கேட்பது நம் மரபு. உங்கள் பற்று நோட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "பொங்கிச்சுங்க" என்று பதில் வர வேண்டும். அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்!