தாயிழந்த குஞ்சுகளுக்கு ஒரு தற்காலிகக் கதகதப்பு



பணமும் நகையும் மட்டுமே அமானிதம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அடைகாக்கும் கோழியும் அமானிதமே என்பதை எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று.

பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர், மகளின் பேறுகாலத்திற்காக வெளியூர் புறப்பட்டபோது, அடைக்கு அமர்ந்திருந்த தம் நாட்டுக்கோழியை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றார். முட்டை விற்கும் காசே அவருடைய கைச்செலவுக்கு ஆதாரம். அடை வைத்த 21ஆம் நாள் 12 குஞ்சுகள் பொரித்தன. மூன்றாம் நாள் மாலை தெருநாய் ஒன்று தாய்க்கோழியைக் கவ்விச் சென்றுவிட்டது.

சிதறியோடிய குஞ்சுகளைத் தேடிப் பிடித்து, ஓர் அட்டைப் பெட்டியில் இட்டு, நொய்யும் நீரும் வைத்துவிட்டு உறங்கச் சென்றோம். சுபுஹுக்கு எழுந்து பார்த்தபோது நான்கு குஞ்சுகள் பெட்டியின் மூலையில் நசுங்கி இறந்து கிடந்தன. நொய் அப்படியே இருந்தது. பசி அவற்றைக் கொல்லவில்லை. குளிர் தாங்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, அடியில் சிக்கியவை மூச்சு முட்டி மாண்டன.

அன்று காலையே கால்நடை மருத்துவரை நாடினேன். அவர் கூறியவற்றையும், எஞ்சிய எட்டுக் குஞ்சுகளை வளர்த்ததில் நான் கற்றவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

வட்டமான தடுப்பு

குஞ்சின் உடலைப் போர்த்தியிருப்பது மென்மயிரே. வெப்பத்தைக் காக்கும் இறகு முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாயின் சிறகே அதற்குப் போர்வை. அந்தப் போர்வையை நாம் செய்து தரவேண்டும்.

அட்டையை ஒன்றரை அடி உயரத்திற்கு வெட்டி, மூன்றடி அகலமுள்ள வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். மூலையே இருக்கலாகாது, மூலைதான் எங்கள் நான்கு குஞ்சுகளின் உயிரைக் குடித்தது. தரையில் இரண்டு அங்குலக் கனத்திற்கு உலர்ந்த உமியைப் பரப்புங்கள். உமியைத் தீனியென்று கொத்தாதிருக்க, முதல் சில நாள்கள் அதன்மேல் சாக்குத் துணி விரிக்கலாம். வழவழப்பான தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி, குஞ்சுகள் முடமாகிவிடக் கூடும்.

விளக்கும் வெப்பமும்

தடுப்பின் ஒரு பக்கமாக 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். இப்போது வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சந்தான் தரும். குஞ்சுக்குப் போதிய வெப்பம் தராது. பல்பை மின்கம்பியை மட்டும் நம்பித் தொங்கவிடாமல் தனிக் கம்பியால் இறுகக் கட்டுங்கள். உமியில் அது விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

முதல் வாரம் குஞ்சுகள் இருக்குமிடத்தில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரவேண்டும். பல்பைச் சற்று உயர்த்தினாலே வெப்பம் குறையும். வெப்பமானி இல்லையே என்று கவலற்க! குஞ்சுகளே சொல்லும். விளக்கின் கீழ் குவிந்து ஓயாது கத்தினால் குளிர்கிறது. விலகியோடி அலகைத் திறந்து இளைத்தால் சூடு மிகுந்துவிட்டது. ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. பரவலாக அமர்ந்து அமைதியாய் உறங்கினால் நீங்களும் நிம்மதியாக உறங்கச் செல்லலாம்.

மின்சாரம் தடைப்பட்டால், வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றித் தடுப்பினுள் வைத்து, ஆற ஆற மாற்றுங்கள். மூடிய அறையில் கரிநெருப்பு வைப்பது கூடாது. அதன் நச்சுப்புகை குஞ்சுகளுக்கும் உங்களுக்கும் ஆபத்து.

நீரும் தீனியும்

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் உண்டு; அது ஓரிரு நாள் தாங்கும். ஆகவே முதலில் நீர், பிறகே தீனி. சிறிது வெல்லம் கரைத்த, குளிர்ச்சி நீங்கிய நீரில் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நனைத்துக் காட்டுங்கள். தட்டில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சு நீரில் விழுந்து நனையாது. நொய்யும் உடைத்த மக்காச்சோளமும் தொடக்கத்திற்குப் போதும். வளர்வதற்குப் புரதம் வேண்டுமாதலால் விரைவில் குஞ்சுத் தீவனத்திற்கு மாற்றுங்கள். நனைந்த உமியை அன்றன்றே அகற்றுங்கள். முதல் வாரத்தில் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி இடவேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும்.

இரண்டு மாதங்கள் கழித்து மூதாட்டி திரும்பினார். எட்டுக் குஞ்சுகளும் இறகு முளைத்து முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்தன. நடந்ததை ஒளிக்காமல் கூறினேன். கோழியை நாய் கொண்டுபோயிற்று. ஆனால் நான்கு குஞ்சுகளைக் கொன்றது என் அறியாமை என்றேன். ஈடாக வாங்கி வைத்திருந்த பெட்டைக்கோழியை நீட்டினேன். அவர் குஞ்சுகளை ஒருமுறை எண்ணினார். கட்டிவைத்த விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த அடையையும் உங்க வீட்டிலேயே வைக்கட்டுமா, ஹஜ்ரத்?" என்றார்.

அந்த ஒரு கேள்வி என் மனச்சுமையைப் பாதியாக்கியது. மீதிப் பாதி, இதைப் படித்து உங்கள் வீட்டில் ஒரு குஞ்சு பிழைத்தால் குறையும்.